பதினெட்டு கிலோ பெட்டியும் என் தீர்ப்பும்

புது ஆம்ப்ளிஃபயர்களைத் திட்டுவதில் இந்தத் திருவண்ணாமலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இப்போதும் யாராவது வாயைக் கிளறினால் அரைமணி நேரம் பேசுவேன். என் மகன் பெங்களூரிலிருந்து ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். டிபன் பாக்ஸ் அளவு. கையில் எடுத்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஒரு திருகாணி கிடையாது, எல்லாம் பசை போட்டு ஒட்டியது. சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் போனைத் தேட வேண்டும். போனில் இருக்கும் ஆப், முதலில் என்னை அப்டேட் செய், அப்புறம்தான் பாட்டு என்று அடம்பிடிக்கும். கெட்டுப்போனால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். சீ, இதெல்லாம் ஒரு சாமானா?

என்னுடையது எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. ஆசிரமத்துப் பக்கம் பல வருஷம் வாடகை வீட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், இனி விசா கிடைக்காது என்று தெரிந்து வீட்டைக் காலி செய்தபோது என்னிடம் விற்றுவிட்டுப் போனார். பதினெட்டு கிலோ. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தொடை மரத்துவிட்டது. முன்பக்கம் வெள்ளி நிறத் தகடு, மஞ்சள் வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முள், திருப்பினால் கடக் கடக் என்று விரலுக்குப் பதில் சொல்லும் குமிழ்கள். பாஸ் என்கிற கீழ்ச் சத்தத்துக்கு ஒன்று, ட்ரெபிள் என்கிற மேல் சத்தத்துக்கு ஒன்று. கூடவே சர்க்யூட் படம் போட்ட தாளும் தந்தார். நாலு திருகாணியைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும், உள்ளே எது போனாலும் மாற்றிக்கொள்ளலாம், செய்தவன் நம்மை நம்பிச் செய்திருக்கிறான் என்று எல்லோரிடமும் பெருமையடிப்பேன். அந்த நாலு திருகாணியை அப்போதெல்லாம் நான் ஒருமுறைகூடக் கழற்றியதில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை. ஊரில் நாங்கள் ஒன்பது பேர். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர், கல்லூரி வாத்தியார் ஒருவர், ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வரும் பட்டு வியாபாரி ஒருவர், இப்படி. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை டவுனில் வங்கிக்காரர் வீட்டு ஹாலில் கூடுவோம். அன்றைக்குப் பௌர்ணமி வந்து தொலைந்தால் மட்டும் தள்ளிப்போடுவோம், கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் ஒரு வண்டி நுழையாது. கூடுவதற்குப் பெயர் 'உட்காருதல்'. யாராவது புதிதாக ஒரு செட் வாங்கினாலோ, இருப்பதை ரிப்பேர் பார்த்தாலோ, அதை அங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். பாஸ், ட்ரெபிள் குமிழ் இரண்டும் நட்டநடுவில் இருக்க வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். பாட்டு முடிந்ததும் தீர்ப்பு.

முதல் தீர்ப்பு என்னுடையது. யார் அப்படி வைத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் திறக்காமல் இருப்பது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். "கொஞ்சம் மந்தமா இருக்குங்க" என்பேன். "ஆமா சார், மேல சத்தம் கம்மி" என்பார் வங்கிக்காரர். "காத்து இல்ல சார்" என்பார் ஆரணிக்காரர். காற்று இல்லையாம், அது என்ன காற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்தாறு வருஷமாக யார் செட் உட்கார்ந்தாலும் எனக்கு மந்தமாகத்தான் பட்டது. என் பேச்சைக் கேட்டு வாத்தியார் நன்றாக இருந்த ஸ்பீக்கரை மாற்றினார். நான் வீட்டுக்கு வந்து என் பெட்டியைப் போடுவேன். அதில் தாளம் சிலீரென்று விழும். பார்த்தாயா, இதுவல்லவா செட் என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வேன். பதினெட்டு கிலோவை யார் தூக்கிக்கொண்டு அலைவது? அதனால் அது மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதில் என் பெட்டியின் இடதுபக்கம் அவுட். முள் ஆடவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சொன்னால் சிரிப்பீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு மெக்கானிக் கடை வைத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பம். எங்கள் ஒன்பது பேர் செட்டும் அவர் கைக்குத்தான் போகும். மெல்லிய குரல், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இடது பக்கம் டிரான்சிஸ்டர் ரெண்டும் போயிடுச்சு சார். அந்தக் கம்பெனி இப்ப அதை செய்யறதில்ல. அதே அளவுல வேற வரும். போட்டா நாலையும் சேத்துப் போடணும், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் சரியா வரும். கண்டென்சரெல்லாம் காஞ்சு கெடக்கு, அதையும் மாத்திடறேன்."

"ஒரிஜினல் கிடைக்கவே கிடைக்காதா?"

"கிடைக்குதுன்னு விக்கறாங்க சார். பாதி டூப்ளிகேட். நான் அதை உங்களுக்குப் போட மாட்டேன்."

சரி என்றேன். நாலு மாதம் ஆயிற்று. கடைசியில் ஒரு ஞாயிறு காலை, உட்காருதலுக்கு ஒருமணி நேரம் முன்னால், கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி வாங்கிக்கொண்டேன். ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. அவர் குனிந்து பெட்டியின் மூடியைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். இம்முறை கூட்டம் என் வீட்டில். எட்டுப் பேரும் வந்து காத்திருந்தார்கள். என் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலை முடிந்து கொடுக்கும்போது எல்லாக் குமிழையும் நடுவில் நிறுத்திக் கொடுப்பது அந்த மெக்கானிக்கின் வழக்கம். எங்கள் விதியும் அதுவே. அப்படியே பாட்டைப் போட்டேன். கண்ணை மூடினேன். என் பெட்டி செத்துப்போயிருந்தது. மேல் சத்தமே இல்லை. கம்பளியைப் போட்டு மூடிய மாதிரி ஒரு பாட்டு. ஊரில் எல்லோர் செட்டும் எப்படி மந்தமோ அப்படி என்னுடையதும் மந்தம்.

பாட்டு முடிவதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "களவாணித்தனம் பண்ணிட்டான்யா" என்றேன். "நல்லா இருந்த வலது பக்கத்து ரெண்டையும் எதுக்குக் கழட்டினான்? வெளிநாட்டு ஒரிஜினல், வெளியில வித்தா நல்ல விலை. அதை உருவிட்டு ஏதோ குப்பையைப் போட்டுட்டான்."

ஒரு நொடி யாரும் பேசவில்லை. அந்த ஒரு நொடியை நான் இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பிறகு வங்கிக்காரர், "ஆமா சார், முன்ன மாதிரி இல்ல" என்றார். ஆரணிக்காரர், "காத்தே போயிடுச்சு சார்" என்றார். வாத்தியார் தலையைத் தலையை ஆட்டினார். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஒருவராவது, எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது என்று சொன்னாரா? சொல்ல மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்பவனுக்குக் காது இல்லை என்று அர்த்தம். அந்த அவமானத்தைவிட ஒரு மெக்கானிக்கைத் திருடன் என்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அன்றே எங்கள் வாட்ஸாப் குரூப்பில் எழுதினேன். இந்தக் கடையில் யாரும் செட்டைக் கொடுக்காதீர்கள், ஒரிஜினல் பாகங்களை உருவிவிடுகிறார் என்று. குரூப்பில் வேலூர், விழுப்புரம் ஆட்களும் இருந்தார்கள். அது எங்கெங்கோ போயிற்று. மறுநாள் மெக்கானிக் போன் செய்தார். "சார், என்னா சார் இப்படிப் போட்டிருக்கீங்க? ஒரு வாட்டி மூடியத் தொறந்து..." என்று ஆரம்பித்தார். "மூடியைத் தொறந்தவனும் நீ, உருவிட்டு மூடினவனும் நீ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவருடைய எண்ணையும் பிளாக் செய்தேன். கண்காணிப்பாளர் கோப்பை மூடிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தனியாக இருந்தபோது ட்ரெபிள் குமிழை வலதுபக்கம் கடைசிவரை திருப்பினேன். கொஞ்சம் உயிர் வந்தது. கொஞ்சம் என்ன, ஏறக்குறைய பழையபடியே வந்தது. "பாத்தியா, எவ்வளவு ஏத்த வேண்டியிருக்கு? எல்லாம் அவன் பண்ணின வேலை" என்றேன் மனைவியிடம். அவள் கையில் துடைக்கிற துணியோடு நின்றாள்.

"எப்பவும் அது அங்கதானே இருக்கும்? நான் தினமும் தொடைக்கிறேனே. மொதல்ல நேரா இருந்துச்சு, வருஷா வருஷம் நீங்க கொஞ்சம் கொஞ்சமா தள்ளிட்டுப் போனீங்க. அதை நகத்திட்டா வேற சண்டை போடுவீங்களேன்னு அலுங்காம தொடைப்பேன்."

"உனக்கு இதுல என்ன தெரியும்? போய் வேலையைப் பாரு" என்றேன். அவள் போய்விட்டாள். அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே என் புத்தியில் எங்கோ பட்டது. பட்டதை நான் அமுக்கினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஏழெட்டு மாதம் ஓடிற்று. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எனக்குத் தெரியவில்லை. காலிங் பெல் தெரியவில்லை. பேத்தி போனில் பேசினால் உதட்டைப் பார்த்துக்கொண்டு குத்துமதிப்பாகச் சிரித்தேன். மனைவி பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். எப்போதம்மா ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். சோதனை செய்த பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சு சார்" என்றாள்.

காகிதத்தில் ஒரு கோடு. இடமிருந்து நேராக வந்து, பாதியில் செங்குத்தாக இறங்கிவிட்டது. "மேல் சத்தம் ரெண்டு காதுலயும் போயிருக்கு சார். இது திடீர்னு வர்றதில்ல, பல வருஷமா இறங்கிட்டே வந்திருக்கும்" என்றார் டாக்டர். அப்படியென்றால் வாத்தியாரின் ஸ்பீக்கர் மந்தமில்லை. யாருடைய செட்டும் மந்தமில்லை. மெக்கானிக் எதையும் உருவவில்லை. கிளினிக் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது என் மனைவி, "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

காதில் இரண்டு மிஷினை மாட்டிக்கொண்டு சந்துக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் போன் கவர் தொங்கியது. கேட்டு விசாரித்து, கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். மெயின் ரோட்டிலேயே ஒரு சின்ன ஷெட். சுற்றிலும் கிணற்று மோட்டார்கள், ஸ்டார்ட்டர் பெட்டிகள். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் வாசலை அடைத்து நின்றன. அவர் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையே எனக்கு நெருஞ்சியாகக் குத்தியது.

ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "இது எனக்கு எதுக்கு சார்?" என்றார்.

"தப்பு என்மேலதாம்ப்பா. என் காது போயிருக்கு. தெரியாம உங்களைச் சொல்லிட்டேன்."

"தெரியும் சார். ட்ரெபிள் கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சு ரிப்பேருக்குக் குடுத்தீங்களே, அப்பவே நினைச்சேன். பெரியவரு, காதைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் ஒரு ஸ்டார்ட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழட்டுன ஐட்டம் எதையும் நான் வெச்சுக்கறதில்ல சார். எந்த செட்டா இருந்தாலும் பொட்டலமா கட்டி மூடிக்கு உள்பக்கமாவே டேப் போட்டு ஒட்டிடுவேன். உங்களுக்கும் ஒட்டி வெச்சேன். ஆட்டோவுல வெச்சே மூடியத் தட்டிக் காட்டிச் சொன்னேனே? நீங்களும் சரி சரின்னீங்க."

மறுபடி டவுனில் கடை போடுங்கள், நான் எல்லோரிடமும் சொல்கிறேன், வேலை வரும் என்று ஏதேதோ உளறினேன்.

"வேலைக்கு எனக்கு இங்க பஞ்சமில்ல சார். மோட்டார் ரிப்பேர் நெறைய வருது, நல்லாத்தான் போவுது. அது பேச்சில்ல." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "என் மச்சான் கல்யாணத்துல, ஆரணியில, பந்தியில உக்காந்திருக்கேன். எதிர்ல ஒருத்தரு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு, வெளிநாட்டு ஐட்டம் ஏதாவது கையில இருக்குதான்னு. என் பக்கத்துல என் பொண்ணு உக்காந்திருந்தா சார். அப்பா, என்ன ஐட்டம்பான்னு கேட்டா. நான் என்னான்னு சொல்லுவேன்?"

அவர் ரிப்போர்ட்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். என்னைத் திருடன்னு எங்க சொன்னீங்களோ அங்கயே, இல்லன்னு சொல்லுங்க. அந்த எட்டுப் பேரும் அவங்க வாயால, அவன் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ்ளோதான் சார்."

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த நாலு திருகாணியைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கம், பழுப்பு டேப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். நாலு டிரான்சிஸ்டர்கள். இரண்டின்மேல் இடது என்றும் இரண்டின்மேல் வலது என்றும் சின்னச் சீட்டு. காய்ந்துபோன கண்டென்சர்கள் தனியாக. இத்தனை மாதம் அது என் வீட்டு ஹாலிலேயே இருந்திருக்கிறது. என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அடுத்த உட்காருதலையும் என் வீட்டிலேயே வைத்தேன். எட்டுப் பேரும் வந்ததும் ரிப்போர்ட்டையும் பொட்டலத்தையும் நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காதில் இருந்த மிஷினைக் கழற்றியும் காட்டினேன். "அவர் எதையும் எடுக்கல. நான் சொன்னது பொய். நீங்க கேட்டதைச் சொல்லுங்க, அன்னைக்கு உங்களுக்குச் சத்தம் நல்லாத்தானே கேட்டுச்சு?" என்றேன்.

ரிப்போர்ட் கைமாறிக்கொண்டே போயிற்று. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆரணிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு! ஒரு மெக்கானிக்குக்காக உங்க காதையே குறை சொல்றீங்களே."

"அதான் பாருங்க" என்றார் வங்கிக்காரர். "இந்த ரிப்போர்ட்டெல்லாம் மிஷின் விக்கறதுக்காக எழுதறது சார். அன்னைக்கு எங்க எட்டுப் பேருக்குமே வித்தியாசம் தெரிஞ்சுதே? எங்க எல்லார் காதுமா போயிடுச்சு?"

"அப்ப இந்தப் பொட்டலம்?" என்றேன்.

"வேற செட்டோடதா இருக்கும் சார். ஊரெல்லாம் பேசிட்டாங்கன்னு பயந்து அப்புறமா ஏதாவது வழியில வெச்சிருப்பான்."

"மூடியை நான்தான்யா திறந்தேன்! அந்தப் பெட்டி என் வீட்டை விட்டு நகரவே இல்லையே!" என்று கத்தினேன். வாத்தியார் என் தோளைத் தட்டி, "சுகர் இருக்கறவங்க இவ்ளோ டென்ஷன் ஆகக் கூடாது சார்" என்றார். ஐந்தாறு வருஷமாக எனக்குத் தலையாட்டிய அத்தனை பேரும் அன்று, முதல் தடவையாக, நான் சொன்னதை ஏற்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் திருடவில்லை என்றால் அன்று இந்த எட்டுப் பேரும் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடும். அதை நான் எத்தனை ரிப்போர்ட் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குரூப்பிலும் எழுதினேன். கும்பிட்ட கைகளும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன. உங்களைப் போல் ஒரு மனிதர் உண்டா என்று விழுப்புரத்திலிருந்து ஒருவர் எழுதினார். மெக்கானிக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. பஸ் ஏறுவதற்கு முன்பே அவர் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்திருந்தேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. காதில் இரண்டு மிஷினும் இருந்தன.

"சார், சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்ப்பா."

"அவங்க என்னா சார் சொன்னாங்க?"

அவர் காத்திருந்தார். பின்னால் ஒரு மோட்டார் ஓடி நிற்பதுகூடக் கேட்டது.

"சார்? பொண்ணு பக்கத்துலதான் இருக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அவங்க என்னா சொன்னாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"ஹலோ, ஹலோ" என்றேன். "லைன் சரியில்லப்பா, நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டதில் ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் எனக்குக் கேட்டிருந்தது.